சாலையில் வைத்த குடம்

என்னிடம் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கிறது. 2019 ஜூன் மாதத்தில் கத்தரித்து எடுத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் தாள் மஞ்சளாகிவிட்டது, ஓரங்கள் உதிர ஆரம்பித்துவிட்டன. இருந்தாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன்.

படத்தைச் சொல்கிறேன். தார்ச் சாலையின் நடுவே, வெள்ளைக் கோட்டை ஒட்டி வரிசையாக பிளாஸ்டிக் குடங்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, ரோஸ். எல்லாம் காலி. குடங்களுக்குப் பின்னால் பதினைந்து இருபது பெண்கள். சிலர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் ஒரு அக்கா கையை நீட்டி யாரையோ பார்த்துக் கத்துகிறார். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. படம் எடுத்தவர் தரையோடு தரையாகக் குனிந்துதான் எடுத்திருக்க வேண்டும். அதனால் முன்னால் இருக்கும் பச்சைக் குடம் மலை மாதிரி தெரிகிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கம்பெனி பஸ் நிற்கிறது. அதன் மூன்றாவது ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் கை என்னுடையது. அச்சுப் புள்ளிகளில் முகம் தெரியவில்லை. ஆனால் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருக்கிற சாப்பாட்டுப் பை எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மா தைத்துக் கொடுத்த பை அது.

ஆறு வருடத்துக்கு மேலாக இந்தப் படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க வேறு வேறு விஷயங்கள் தெரிகின்றன. அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு வீடு புதுவாயலில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. புதுவாயல் கூட்டுச்சாலையில் காலையில் நின்று பார்த்தால் இந்த ஊர் எதனால் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பெரியபாளையம் பக்கமிருந்து வரும் ஷேர் ஆட்டோக்கள், டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவரும் பெண்கள், ஒடிசா, பீகார் தம்பிகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் கம்பெனி பஸ்கள். இங்கே பழைய ஆட்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்று சொல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வண்டிகள் நிற்கவே நிற்காது.

அன்று நின்றன. கவரைப்பேட்டை தாண்டிய பிறகு, ஒரு கிராமத்துச் சாலை வந்து நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் எங்கள் பஸ் நின்றது. முன்னால் நாலைந்து லாரிகள். டிரைவர் அண்ணன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மறியல் பண்றாங்க, தண்ணி பிரச்சினையாம்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் கடிகாரத்தைத்தான் பார்த்தோம். எங்கள் வேலையில் மாதம் முழுக்க நேரத்துக்குப் போனால்தான் அட்டெண்டன்ஸ் போனஸ். அந்த மாதம் அதுவரை ஒரு நாள்கூட நான் தவறவில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு செலவு காத்திருந்தது. "இவங்களுக்கு வேற நேரமே கெடைக்கலையா, ஆபீஸ் நேரத்துலதான் வந்து உக்காரணுமா" என்று பக்கத்து சீட்டுத் தோழியிடம் நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. படம் எடுக்கப்பட்ட நிமிடமும் அதுவாகவே இருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து, கேன்டீனில் யாரோ விரித்து வைத்திருந்த பேப்பரில் படத்தைப் பார்த்தேன். முதலில் பஸ்ஸை அடையாளம் கண்டேன், பிறகு பையை, பிறகு கையை. கடைசியில்தான் முன்னால் இருந்த பச்சைக் குடம் கண்ணில் பட்டது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு நீளமான தழும்பு. விரிசல் விட்ட இடத்தில், பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, காய்ச்சிய கத்தியால் இழுத்து ஒட்டிய தழும்பு.

குடத்தோடு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தத் தழும்பு புரியும். எங்கள் வீட்டுக் குடத்திலும் அது இருந்தது. குடத்தில் எந்தப் பக்கம் இடுப்பில் உட்காரும் என்பதைச் சாயம் மங்கியிருப்பதை வைத்தே சொல்லிவிடலாம். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், தண்ணீர் லாரி வரும் நேரத்தில் மாறிப் போகாமலிருக்க, அடியில் நெயில் பாலிஷால் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைப்போம். குடம் வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குவார் அம்மா. சத்தத்திலேயே எத்தனை கோடை தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் குடத்தோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வரிசையில் குடம் நின்றால் ஆள் நிற்கிறாள் என்று அர்த்தம். லாரி எப்போது வரும் என்று தெரியாது. அடுப்பில் உலை இருக்கும், தொட்டிலில் பிள்ளை இருக்கும். அதனால் விடியற்காலையே குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த இடத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். எவ்வளவு சண்டை நடந்தாலும் வைத்த குடத்தைத் தள்ளி வைப்பது பெரிய பாவம். பள்ளிக்கூடம் போகும் முன் அம்மாவின் குடத்தை வரிசையில் வைக்கும் வேலை எனக்கு. "குடத்த வெச்சுட்டு வந்துட்டியா?" என்ற கேள்விக்கு "நம்ம முறையை உறுதி பண்ணிட்டியா?" என்று பொருள்.

அதை நினைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குடங்களை யாரும் வீசி எறிந்திருக்கவில்லை, உருட்டி விட்டிருக்கவில்லை. கோபத்தில் கொந்தளிக்கிற கூட்டத்தின் முன்னால் குடங்கள் மட்டும் ஒழுங்காக, இடைவெளி விட்டு, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. தெருக்குழாயடியில் எப்படி வைப்பார்களோ அப்படியே வைத்திருக்கிறார்கள். குழாயடியில் நின்ற வரிசைதான் அன்று நெடுஞ்சாலைக்கு வந்திருக்கிறது. எங்கள் முறை எப்போது வரும் என்று கேட்டு, இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே நான்கு வரிச் செய்தி இருந்தது. அந்த நான்கு வரியை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். ஊர் பெயர் மட்டும் மாறும். குடிநீர் முறையாக வழங்காததைக் கண்டித்துப் பெண்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியலில் ஈடுபட்டனர் என்பது முதல் வரி. தகவல் அறிந்து போலீசாரும் அதிகாரிகளும் வந்து பேச்சுவார்த்தை நடத்தினர் என்பது இரண்டாவது. விரைவில் நடவடிக்கை எடுப்பதாக உறுதி அளித்ததன் பேரில் கலைந்து சென்றனர் என்பது மூன்றாவது. இதனால் அப்பகுதியில் சுமார் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்பது நான்காவது.

கடைசி வரியைக் கவனியுங்கள். செய்தி முடிவது யாருடைய கஷ்டத்தில்? என்னுடைய கஷ்டத்தில், பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களின் கஷ்டத்தில். எங்களுக்கு ஒரு மணி நேரம் போயிற்று என்று கணக்கு இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு எத்தனை நாள் போயிற்று என்ற கணக்கு அந்த நான்கு வரியில் எங்கேயும் இல்லை.

எனக்கு அந்தக் கணக்கு தற்செயலாகத்தான் கிடைத்தது. நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பவானியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு அக்கா. எங்கேயோ பார்த்த முகம். பத்து நிமிடம் யோசித்த பிறகு பிடிபட்டது, கையை நீட்டிக் கத்திய அக்கா. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆமா பாப்பா, நான்தான். பேப்பர்ல கூட வந்துச்சே" என்று சிரித்தார். நிஜத்தில் மெதுவாகப் பேசுகிறவர். படத்தில் பார்த்த வாயும் கழுத்து நரம்பும் இவருடையதுதானா என்று சந்தேகம் வரும்.

"இன்னாத்துக்கு ரோட்டுக்கு வந்தீங்கக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா பண்றது பாப்பா? மோட்டார் எரிஞ்சு போச்சு. மாத்தித் தரேன்னாங்க, தரல. மனு குடுத்தோம், ரசீது குடுத்தாங்க. மறுபடியும் குடுத்தோம், மறுபடியும் ரசீது. ரோட்ல குந்துனாத்தான் ஜீப்பு வருது" என்றார். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பையைத் திறந்து ரேஷன் கார்டு போடும் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே கார்டுக்குப் பின்னால் நாலாக மடித்த தாள்கள். வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். மூன்று மனு ரசீதுகள். முதல் ரசீதின் தேதி மறியல் நடந்ததற்கு ஏழு மாதம் முந்தையது. மை வேர்வையில் பரவியிருந்தது, தேதி மட்டும் படிக்க முடிந்தது. பிரச்சினை தீர்ந்த பிறகும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு யாருனா வந்து நீங்க சொல்லவே இல்லியேன்னு கேட்டா?" என்றார்.

படத்தின் மிச்சப் பாதி அந்த உறைக்குள் இருந்தது.

ஏழு மாதம் யார் பதில் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அன்று தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இல்லை. முந்தைய நிர்வாகத்தின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. தேர்தல் வழக்குகளில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போய், எங்கள் மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அலுவலருக்குப் பல ஊராட்சிகள். தலைவர் என்று ஒருவர் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லலாம். அந்தத் திண்ணையே இல்லாதபோது மிச்சம் இருந்தது சாலைதான்.

இதில் எனக்கு மனதை அறுக்கிற இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் பக்கம் தண்ணீரே இல்லாத சீமை இல்லை. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் படுத்திருக்கிற மண் இது. 1960களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு இங்கே நிலத்தடி நீரை ஆய்வு செய்து, சென்னைக்குத் தண்ணீர் எடுக்கலாம் என்று கிணற்றுத் தொகுப்புகள் போட்டார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்கள். பஞ்செட்டி எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான். ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை வழியாக, எங்கள் மாவட்டத்தைக் கடந்துதான் பூண்டிக்குப் போகிறது.

எடுத்துக்கொண்டே இருந்ததன் விலையும் இங்கேதான் தெரிந்தது. விவசாயத்துக்கும் நகரத்துக்குமாகச் சேர்த்து உறிஞ்சியதில், மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் மண்ணுக்கு அடியில் உள்ளே ஏறியது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, 1983-ல் 7 கிலோமீட்டர், 1987-ல் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது என்று பதிவு செய்திருக்கிறார்கள். அதே 1987-ல்தான் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உப்பேறிய கிணற்றை மூடி வைக்கலாம், பழையபடி நல்ல தண்ணீராக்குவது லேசில் நடக்காது. அதே மீஞ்சூர்ப் பக்கம் காட்டுப்பள்ளியில், கடல் நீரையே குடிநீராக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2010-ல் வந்தது. மண்ணுக்கடியில் கடலை வரவிட்ட அதே கரையில், கடலைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் நாலும் வறண்டன. நகரத்துக்காகத் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து இறைத்தார்கள். டேங்கர் லாரிகள் எங்கள் சாலைகளில் இரவு பகலாக ஓடின. அந்த நேரத்தில் கிட்டத்தட்ட வற்றிய ஒரு கிணற்றைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு நெருக்கியடித்துத் தண்ணீர் இறைக்கிற படம் ஒன்று பிபிசியில் வந்தது. அதை ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பகிர்ந்தார். உலகமே பார்த்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மாலையெல்லாம் போட்டு வரவேற்றார்கள், அதையும் படம் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துக் குடங்களின் படம் உள்ளூர்ப் பக்கத்தின் மூலையில் வந்ததோடு சரி. டேங்கர் போகிற சாலையில், டேங்கரை நிறுத்திக்கொண்டு, காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுடைய படம் அது.

காலிக் குடப் படத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அதில் ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. வருடா வருடம் கோடையில் வருகிற படம்தானே என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். அப்படிப் புரட்டாமல் நம்மை நிறுத்தி வைத்த படம் எது என்று யோசித்தால், என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். 2018 மே 22, தூத்துக்குடி. போலீஸ் வேனின் கூரைமேல் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர், கையில் நீளத் துப்பாக்கி, குறி பார்க்கிறார்.

அன்று இரவு எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். அதுவும் ஒரு சிப்காட், இதுவும் ஒரு சிப்காட் என்ற நினைப்பு என்னை விடவில்லை. நான் சம்பளம் வாங்குகிற மாதிரி இடத்தின் காற்றையும் தண்ணீரையும் பற்றிக் கேட்கப் போனவர்கள்தான் அங்கே சுடப்பட்டார்கள். 13 பேர் போனார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது நூறாவது நாள் என்று ஞாபகம் இருக்கிறது? அங்கே இருந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலையை விரிவாக்கப் போகிறார்கள் என்றதும், குமரெட்டியாபுரம் மக்கள் 2018 பிப்ரவரி 12-ல் உட்கார்ந்தார்கள். சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் ஊரிலேயே உட்கார்ந்தார்கள். மார்ச் 24-ல் நகரமே திரண்டு அமைதியாகக் கூட்டம் நடத்திவிட்டுக் கலைந்தது. அதற்கும் முன்னால் ஒரு நீண்ட கதை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் விவசாயிகள் எதிர்த்ததால் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்த ஆலை அது. 1994-ல் அடிக்கல். 1996-லேயே மீனவர்கள் படகுகளைக் கொண்டுபோய்த் தாதுக் கப்பலை மறித்தார்கள். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆலையை நடத்த விட்டு, சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இருபது வருடத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், நூறாவது நாள் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள்.

சுட்ட ஆறாவது நாள், மே 28-ல், அரசு ஆலையை மூடியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீஸ்காரர்கள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. திரும்பத் திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் தள்ளிவிட்டது. ஆலையை மூடும் முடிவைத் தொண்ணூற்றொன்பதாவது நாள் எடுத்திருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. வேன் கூரைமேல் நின்ற ஒருவரின் படம் இருக்கிறது. தொண்ணூற்றொன்பது நாள் உட்கார்ந்திருந்தவர்களின் படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடிக்கு முந்தைய வருடத்துப் படம் ஒன்றும் உண்டு. அதை நான் ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை, யாருக்கும் பகிரவும் இல்லை. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கணவனும் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் தீயில் போனார்கள். கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. 2003-லேயே அதிக வட்டி தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆறு முறை மனு கொடுத்தார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். ஆறு ரசீதுகள் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு மாறியதாக எனக்குக் கண்ணில் தெரிவது ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிறார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். உயிரைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள், அது தேவைதான். ஆனால் பையைப் பார்க்கிற அந்த நேரத்தில், "இது எத்தனாவது மனும்மா?" என்று கேட்கவும் வாசலில் ஒருவரை உட்கார வைக்கலாம். நாலாவது மனு என்று ஒருவர் சொன்னால், அவரை வரிசையில் நிற்க விடாமல் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு போகலாம். பாட்டிலைக் கண்டுபிடிப்பதைவிட அது பெரிய பாதுகாப்பு.

ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது எவ்வளவு முக்கியம் என்று 2020 நவம்பரில் எல்லோரும் பார்த்தோம். டெல்லி எல்லையில் ஒரு வயதான சீக்கிய விவசாயியை நோக்கி ஒரு பாதுகாப்புப் படை வீரர் தடியை ஓங்குகிற படம். பி.டி.ஐ. புகைப்படக்காரர் ரவி சௌத்ரி எடுத்தது. அடி விழுந்ததா இல்லையா என்று சண்டை நடந்தது. ஆளும் கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் போட்ட வீடியோத் துண்டுக்கு, திருத்தப்பட்டது என்று ட்விட்டர் முத்திரை குத்தியது. தடி பட்டதா என்று நாடே பேசியது. அந்த முதியவர் எத்தனை கிலோமீட்டர் தாண்டி, எதைக் கேட்டு வந்தார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. விவசாயிகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 19-ல் அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார்.

புகைப்படத்தைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. படம் வராவிட்டால் எதுவும் நடந்திருக்காது. பேப்பரில் வந்த மூன்றாம் நாள் புது மோட்டார் வந்ததாக அக்காவே சொன்னார். வெயிலில், தார் கொதிக்கிற தரையில் குனிந்து அந்தப் படத்தை எடுத்த உள்ளூர் நிருபருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைப்பது பெட்ரோல் செலவுக்குக் காணுமோ என்னவோ. அவர் குனிந்ததால்தான் பச்சைக் குடத்தின் தழும்பு எனக்குத் தெரிந்தது.

அவரிடமும் அவரைப் போன்றவர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். நான்கு வரிச் செய்தியில் ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள். முதல் மனு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற வரி. போக்குவரத்து ஒரு மணி நேரம் பாதிக்கப்பட்டது என்று எழுதுகிற அதே இடத்தில், குடிநீர் ஏழு மாதம் பாதிக்கப்பட்டது என்றும் எழுதுங்கள். உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கேட்டால் தேதியோடு சொல்வார்கள். ரசீதும் வைத்திருப்பார்கள்.

பஸ்ஸில் இருக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. மறியலில் உட்காருகிறவர்கள் சும்மா உட்காருவதில்லை. சட்டவிரோதமாகக் கூடினார்கள், வழியை மறித்தார்கள் என்று வழக்குப் போடலாம். பல இடங்களில் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை வைத்திருக்கிறார்கள். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும். என்னுடைய அட்டெண்டன்ஸ் போனஸ் போனதற்கு எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, அன்று அந்தச் சாலையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் சம்பளமே போயிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. நானும் குடம் வைத்து வளர்ந்தவள்தான். வீட்டுக்குள் குழாய் வந்து, கம்பெனி பஸ்ஸில் சீட்டு கிடைத்த சில வருடத்தில் மறந்துபோயிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

போன மாதம் திரும்பவும் பஸ் நின்றது. வேறு இடம், வேறு ஊர்க்காரர்கள். இந்த முறை குடத்தோடு பிள்ளைகளின் சைக்கிள்களையும் சாலையில் நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நான் அன்று சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். ஓரமாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, குடத்தின் வாயில் கையை வைத்தபடி ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குந்தினேன். எப்போது வழி விடுவீர்கள் என்று கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் முகம் இறுகியது.

"மொத மனு எப்பக்கா குடுத்தீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைக் கையால் காட்டினார்.

"இதோ இவ அப்போ அஞ்சாவது படிச்சினு இருந்தா. இப்போ எட்டாவது."